கோவம் எப்பவும்தான் இருக்குது, ஆனா ஏன் என்னிக்கோ ஒரு நாள்தான் ரோட்டுக்கு வருது?

போன கோடைல எங்க தெருவுல 11 நாள் தண்ணி வரல. வடசென்னை புளியந்தோப்பு பக்கம் இருக்கிறவங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல, கொழாய தொறந்தா புஸ்ஸுன்னு காத்து வரும், அடி பம்பு அடிச்சா மஞ்சளா ஏதோ வரும், லாரி வருது வருதுன்னு சொல்வாங்க வராது. அந்த 11 நாளும் எல்லாருக்கும் கோவம்தான், ஆனா கொடத்த வரிசைல வச்சிட்டு நமக்குள்ளயே ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கினு இருந்தோமே தவிர வேற ஒண்ணும் நடக்கல. 12வது நாள் காலைல 7 மணிக்கு ஒரு 40 பொம்பளைங்க காலி கொடத்தோட மெயின் ரோட்ல போய் குந்திட்டாங்க. ஒன்றரை மணி நேரம் ஒரு பஸ்ஸும் நகரல. சாயங்காலம் லாரி வந்துடுச்சு.

எனக்கு மண்டைல ஓடுனது என்னன்னா, ஏன் 12வது நாள்? 5வது நாளும் தண்ணி இல்லதான, 8வது நாளும் கோவம் இருந்துச்சுதான?

இந்த கேள்விய கொஞ்சம் பெருசாக்குனா அதுதான் புரட்சிகள பத்தி படிக்கிற மொத்த படிப்பும். ஹார்பர் கண்டெய்னர் யார்டுல நைட் ஷிப்ட் பாக்குறவன் நான், ப்ரொபசர் எல்லாம் கிடையாது, ராத்திரி வண்டி வராத நேரத்துல படிச்சதுதான். ஆனா புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு ஆரம்பம் வேணும்ல, "பிரெஞ்சு புரட்சி 1789, ரஷ்ய புரட்சி 1917"ன்னு பத்தாங்கிளாஸ்ல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குனதோட சரி, அது எதுக்கு இப்ப நமக்குன்னு யாரும் சொல்லல. அதனால எனக்கு புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

மொதல்ல ஒரு சின்ன லாஜிக். எப்பவும் இருக்கிற ஒண்ணு, திடீர்னு நடந்த ஒண்ணுக்கு காரணமா இருக்க முடியாது. கொடுங்கையூர் குப்ப மேட்டு நாத்தம் வருஷம் பூரா அடிக்குது, அங்க இருக்கிற ஒருத்தர் இன்னிக்கு வாந்தி எடுத்தார்னா "நாத்தத்தால"ன்னு சொன்னா டாக்டர் ஒத்துக்க மாட்டார், நேத்து ராத்திரி என்ன சாப்டேன்னு கேப்பார். அதே மாதிரிதான் "மக்கள் பொறுத்து பொறுத்து பாத்தாங்க, ஒரு நாள் பொங்கி எழுந்தாங்க"ன்னு மேடைல பேசுறது கேக்க நல்லாருக்கும், ஆனா அது விளக்கமே இல்ல. பசி, அவமானம், அநியாயம் எல்லாம் பல நூறு வருஷமா இருந்துச்சு, புரட்சி மட்டும் ஏன் விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் வந்துச்சு? அப்ப கோவத்த தாண்டி அன்னிக்கு என்ன மாறுச்சுன்னு பாக்கணும். பழைய புரட்சிய படிக்கிறது இதுக்குத்தான்.

பிரான்ஸையே எடுத்துக்கலாம், ஏன்னா அதுல ஆவணம் ஜாஸ்தி. 1788 ஜூலைல பெரிய ஆலங்கட்டி மழை, விளைச்சல் போச்சு. பாரிஸ்ல 4 பவுண்டு ரொட்டி சாதாரணமா 8, 9 சூ காசுக்கு வித்தது 1789 ஆரம்பத்துல 14 சூவ தாண்டிடுச்சு, கூலிக்காரன் சம்பாத்தியம் முக்கால்வாசி ரொட்டிக்கே போகுது. சரி பசிதான் காரணம்னு முடிச்சுடலாமா? அதுக்கு முன்னாடியும் பிரான்ஸ்ல இத விட கொடூரமான பஞ்சம் எல்லாம் வந்துருக்கு, அப்பல்லாம் ராஜா தலை தப்பிச்சுது. இந்த தடவ என்ன புதுசுன்னா அரண்மனை திவால். அமெரிக்கா சுதந்திர போர்ல இங்கிலாந்துக்கு எதிரா செலவு பண்ணது வேற, வாங்குன கடன் வேற, அரசாங்க வருமானத்துல ஏறக்குறைய பாதி வட்டி கட்றதுக்கே போயிட்டு இருந்துச்சு. வரி போடலாம்னா பணக்கார பிரபுங்க ஒத்துக்கல. வேற வழி இல்லாம 16வது லூயி 1614க்கு அப்புறம் ஒரு தடவ கூட கூடாம இருந்த ஒரு சபைய 1789 மே மாசம் கூட்டுறார்.

இங்க ஒரு விஷயம் எனக்கு ரொம்ப புடிச்சது. அந்த சபைக்கு முன்னாடி ஊர் ஊரா "உங்க குறை என்ன எழுதி குடுங்க"ன்னு கேட்டாங்க. ஆயிரக்கணக்கான ஊர்ல உக்காந்து நோட்டு போட்டு எழுதுனாங்க, உப்பு வரி, வேட்டை உரிமை, ஜமீன் மாதிரி இருந்தவங்களுக்கு கட்ற காசு, எல்லாம். நம்ம கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனு மாதிரின்னு வச்சுக்கோங்களேன். இப்ப யோசிச்சு பாருங்க, அது வரைக்கும் அவன் கஷ்டம் அவனோட தலையெழுத்து, ராஜாவே கேட்டு எழுதி வாங்குன அப்புறம் அது ஒரு பாக்கி. பாக்கின்னா வசூல் பண்ணணும்ல. எழுதி குடுத்துட்டு காத்துட்டு இருந்த ஜனம்தான் ஜூலை 14 அன்னிக்கு பாஸ்டில் கோட்டைக்கு போச்சு. நிறைய பேர் கைதிங்கள விடுவிக்க போனாங்கன்னு நெனச்சுட்டு இருக்காங்க, உள்ள இருந்ததே 7 கைதி, கூட்டம் போனது வெடிமருந்துக்கு.

டோக்வில்னு ஒரு பிரெஞ்சு அரசியல்வாதி பின்னாடி வந்து இத பத்தி எழுதுறப்ப சொன்னது, மோசமான அரசாங்கத்துக்கு ஆபத்தான நேரம் அது மோசமா இருக்கிறப்ப இல்ல, திருந்த ஆரம்பிக்கிறப்பதான்னு. சும்மா ரூம்ல உக்காந்து எழுதுன ஆள் இல்ல, 1848 ஜனவரில பாரிஸ் சபைல எழுந்து நின்னு நாமெல்லாம் எரிமலை மேல படுத்து தூங்கிட்டு இருக்கோம்னு பேசுனார், மத்தவங்க கிண்டலா எடுத்துக்கிட்டாங்க, பிப்ரவரில அப்ப பிரான்ஸ ஆண்ட ராஜா லூயி பிலிப் ஓடிட்டார்.

இதையே 1962ல ஜேம்ஸ் டேவிஸ்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் வேற மாதிரி சொன்னார். வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறிட்டே வருது, கூடவே எதிர்பார்ப்பும் ஏறுது, ஒரு கட்டத்துல வாழ்க்கை மட்டும் டக்குன்னு கீழ விழுது, எதிர்பார்ப்பு மேலயே நிக்குது. அந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள கேப்புலதான் வெடிக்கும்னு சொல்றார். எல்லா இடத்துக்கும் இது பொருந்தல, அப்பவே நிறைய பேர் குறை சொன்னாங்க, ஆனா கேக்க வேண்டிய கேள்விய சரியா புடிச்சார். ஜனம் எவ்ளோ ஏழைன்னு கேக்காத, எதோட ஒப்பிட்டு பாக்குறாங்கன்னு கேளு.

எங்க தெருவுக்கு வருவோம். 11வது நாள் ராத்திரி 10 மணிக்கு பக்கத்து தெருவுல லாரி வந்து நின்னுச்சு. எங்க வீட்டு மாடில இருந்து பாத்தா டியூப் லைட் வெளிச்சத்துல அவங்க பக்கெட் பக்கெட்டா புடிக்கிறது தெரியுது. எங்க தெருவுக்குள்ள வராம ரிவர்ஸ் எடுத்து போயிடுச்சு. தண்ணி இல்லாதது 11 நாளா தாங்குன ஜனத்துக்கு அந்த ரிவர்ஸ் ஹாரன் சத்தம் தாங்கல.

ஆனா அது மட்டும் பத்தாது. கடுப்பு ஒவ்வொரு வீட்லயும் தனித்தனியா இருந்தா அது வெறும் பிபிதான் ஏத்தும்.

அடுத்தவனுக்கும் அதே கடுப்புன்னு தெரியணும், அவனுக்கு தெரியும்னு நமக்கு தெரியணும். திமூர் குரன்னு ஒரு பொருளாதார அறிஞர் இத நல்லா விளக்கியிருக்கார். பயம் இருக்கிற ஊர்ல எல்லாரும் வெளிய ஒண்ணு பேசுவாங்க, உள்ள ஒண்ணு வச்சிருப்பாங்க, அதனால ஒவ்வொருத்தனும் "நான் மட்டும்தான் இப்டி நெனைக்கிறேன் போல"ன்னு கம்முனு இருப்பான். ஒரு நாள் யாரோ நாலு பேர் வாய தொறந்தா, அத பாத்து பத்து, பத்த பாத்து நூறு. இதுக்கு பெஸ்ட் உதாரணம் ருமேனியா. 1989 டிசம்பர் 21, சௌசெஸ்குன்னு 24 வருஷமா ஆட்சில இருந்த ஆள், அவரே ஏற்பாடு பண்ண கூட்டம், அவர் கட்சி கொண்டு வந்து நிறுத்துன ஜனம், டிவில லைவ். பால்கனில நின்னு பேசிட்டு இருக்கிறப்ப கூட்டத்துல இருந்து ஒரு சத்தம், கூச்சல், ஊளை. மனுஷன் பேச்ச நிறுத்திட்டு கைய தூக்குறார், மூஞ்சில ஒண்ணும் புரியல. அந்த மூஞ்சிய நாடே பாத்துடுச்சு. மறுநாள் ஹெலிகாப்டர்ல ஓட்டம், 25ஆம் தேதி கதை முடிஞ்சுது. நம்ம தியேட்டர்ல மொத விசில் அடிக்கிறவனுக்குத்தான் தைரியம் வேணும், 200வது விசிலுக்கு வாய் இருந்தா போதும்.

இதனாலதான் யாராலயும் முன்கூட்டி சொல்ல முடியறதில்ல. லெனினே 1917 ஜனவரில ஸ்விட்சர்லாந்துல சின்ன பசங்க மத்தியில பேசுறப்ப, எங்கள மாதிரி வயசானவங்க அந்த பெரிய போராட்டத்த பாக்க உயிரோட இருப்போமோ என்னமோன்னு சொல்லிட்டு போனார். ரெண்டு மாசத்துல ஜார் மன்னர் காலி. புரட்சியே தொழிலா வச்சிருந்த ஆளுக்கே தெரியல, அப்ப யூடியூப்ல "அடுத்தது இந்தியாதான்"னு தம்ப்நெயில் போடுற அண்ணனுக்கு எப்டி தெரியும்.

அந்த 1917 பிப்ரவரி கதை (அவங்க பழைய காலண்டர்ல பிப்ரவரி, நம்ம கணக்குக்கு மார்ச்) நிதானமா படிக்க வேண்டியது. மார்ச் 8, பெண்கள் தினம். அப்போதைய ரஷ்ய தலைநகர் பெட்ரோகிராட்ல துணி மில்லு பொம்பளைங்க, விடிய காலைல ரொட்டி கியூல நின்னுட்டு வேலைக்கு வந்தவங்க, மில்ல விட்டு வெளிய வந்து பக்கத்து இரும்பு பாக்டரி ஆம்பளைங்கள வா வான்னு கூப்டாங்க. கட்சிக்காரங்க பல பேர் இன்னிக்கு வேணாம், நேரம் வரலன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. மூணாவது நாள் ஊரே ஸ்டிரைக். 11ஆம் தேதி ஞாயித்துக்கிழமை பட்டாளம் சுட்டுது, ஜனம் செத்தாங்க. வழக்கமா கதை அங்க முடிஞ்சுடும், ஆனா அன்னிக்கு சுட்ட ரெஜிமென்ட்ல ஒரு குரூப் ராத்திரி பூரா தூங்காம பேசியிருக்காங்க, மறுநாள் காலைல நாங்க போக மாட்டோம்னு சொல்லி அவங்க அதிகாரியவே சுட்டுட்டு தெருவுக்கு வந்துட்டாங்க. 15ஆம் தேதி ஜார் பதவி விலகுறார். எட்டே நாள்.

அதனால அடுத்த கேள்வி, தடிய கைல வச்சிருக்கிறவன் என்ன பண்ணான்? துனிசியால 2010 டிசம்பர் 17 முகமது புவஸிஸின்னு ஒரு தள்ளுவண்டி பழ வியாபாரி, தராச பறிமுதல் பண்ண அவமானத்துல தீ வச்சுகிட்டார். ஜனவரி 14, 23 வருஷ ஜனாதிபதி பென் அலி பிளைட் ஏறிட்டார், ராணுவம் அவர் பக்கம் நிக்கல. சீனால 1989ல தியானன்மென்ல கூட்டம் அத விட பெருசு, ஆனா ஜூன் 4 பட்டாளம் சுட்டுது, முடிஞ்சுது. தீடா ஸ்கோச்போல்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் அம்மா 1979ல பிரான்ஸ், ரஷ்யா, சீனா மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துட்டு சொன்னது இதுதான், கீழ இருந்து தள்றது மட்டும் பாக்காதீங்க, மேல அரசாங்கம் ஏற்கனவே போராலயும் கடனாலயும் உளுத்து போயிருந்துச்சான்னு பாருங்க. உளுக்காத கதவ எவ்ளோ பேர் தள்ளுனாலும் தோள்பட்டதான் வலிக்கும்.

அப்புறம் ஒத்திகை. இத யாரும் சரியா சொல்றதே இல்ல, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது.

சார்லஸ் டில்லின்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர், போராடுறதுக்கு ஒவ்வொரு ஊர் ஜனத்து கைலயும் ஒரு லிஸ்ட் இருக்கும், அதுல இருந்துதான் எடுப்பாங்கன்னு சொல்றார். கானா பாடுற அண்ணனுங்கள பாத்திருப்பீங்களே, சாவு வீட்ல விடிய விடிய புதுசா கட்டி பாடுறாங்கன்னு நெனைப்போம், உண்மைல மெட்டு எல்லாம் ஏற்கனவே கைல இருக்கும், செத்தவர் பேரும் கதையும்தான் புதுசு. போராட்டமும் அப்டிதான். பாரிஸ்காரன் கைல இருந்த மெட்டு தெருவுல கல்லும் வண்டியும் போட்டு தடுப்பு கட்றது, 1830, 1848, 1871 எல்லாத்துலயும் அதையே கட்டுனான். நம்ம கைல மறியல், உண்ணாவிரதம், கொடும்பாவி, கருப்பு கொடி, காலி கொடம். ரஷ்யால 1905ல ஒரு புரட்சி தோத்து போச்சு, ஆனா அப்ப தொழிலாளிங்க கண்டுபுடிச்ச சோவியத்ங்கிற கமிட்டி அமைப்பு 12 வருஷம் ஜனங்க ஞாபகத்துலயே இருந்து 1917ல முதல் வாரத்துலயே திரும்ப மொளைச்சுது.

ஈரான்ல 1978ல இன்னும் வினோதம். செத்தவங்களுக்கு 40வது நாள் துக்கம் அனுசரிக்கிறது அவங்க வழக்கம், நம்மூர் 16ஆம் நாள் காரியம் மாதிரி. ஜனவரில கோம் ஊர்ல போலீஸ் சுட்டு செத்தவங்களுக்கு 40வது நாள் கூட்டம் பிப்ரவரில, அதுல சுட்டாங்க, அதுக்கு ஒரு 40வது நாள். போராட்டத்த தடை பண்ணலாம், காரியத்த எப்டி தடை பண்ணுவ?

எங்க தெரு மறியல்ல எல்லாத்தையும் நடத்துனது முனை இட்லிக்கடை அக்கா. எங்க குந்தணும்னு தெரிஞ்சிருக்கு அவங்களுக்கு, நேரா ரோட்ல இல்ல, பஸ் திரும்புற இடத்துல. ஏன்க்கா அங்கன்னு அப்புறமா கேட்டேன். "நேரா ரோட்ல குந்துனா வண்டிக்காரன் ஒதுங்கி போயினே இருப்பான்டா, திருப்பத்துல குந்துனா ரெண்டு பக்கமும் நிக்கும். எங்க மாமியா சொல்லி குடுத்தது, மில்லு ஸ்டிரைக் டைம்ல அவங்க அங்கதான் குந்துவாங்களாம்"னு சொல்லிட்டு இட்லி துணிய அலச போயிட்டாங்க.

மில்லுன்னா பின்னி மில்லு, பக்கிங்ஹாம் கர்னாடிக். எங்க தாத்தா அதுல வேல பாத்தவர், மில்லு சங்கு ஊதுறத வச்சுதான் இந்த ஏரியாவே எழுந்துக்கும் சாப்புடும். 1996ல மூடிட்டாங்க. இப்ப அந்த பக்கம் போறவங்களுக்கு ஷூட்டிங் நடந்த இடம்னு வேணா தெரியும், ஆனா இந்தியாவோட முதல் முறையான தொழிற்சங்கம் இந்த மில்லு தொழிலாளிங்களோடதுதான், 1918 ஏப்ரல் 27, சென்னை தொழிலாளர் சங்கம். ஆரம்பம் எப்டின்னா, செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடுன்னு ரெண்டு பேர் ஒரு பக்தி சபா நடத்திட்டு இருந்தாங்க, ஆன்மிக சொற்பொழிவு கேக்க வர மில்லு ஆளுங்க அப்டியே மில்லு கஷ்டத்தையும் சொல்வாங்க. மதிய சாப்பாட்டு நேரம் பத்தல, ஓடி போய் தின்னுட்டு ஓடி வரணும், இதுதான் பெரிய குறை. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. கூட. பாத்தீங்கன்னா ஈரான்ல துக்க சடங்கு, இங்க பஜனை சபா, ஜனம் ஏற்கனவே கூடுற இடத்துல இருந்துதான் கெளம்புது, வெறும் காத்துல இருந்து இல்ல.

1920ல கம்பெனி ஹைகோர்ட்டுக்கு போய் வாடியா மேல நஷ்ட ஈடு கேஸ் போட்டு தடை உத்தரவு வாங்குச்சு. சங்கம் வச்சதுக்கு நஷ்ட ஈடா, அப்ப சங்கம் வைக்கிறதே குத்தமான்னு கேள்வி டெல்லி வரைக்கும் போய் கடைசில 1926ல தொழிற்சங்க சட்டம் வந்துச்சு. இன்னிக்கு நாட்டுல எவன் யூனியன் வச்சாலும் அதுல பெரம்பூர் மண்ணு கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கு. 1923 மே 1 சிங்காரவேலர் இந்தியாவுல முதல் மே தினத்த கொண்டாடுனதும் நம்ம கடற்கரைலதான், அவர் மீனவ குடும்பத்து ஆளு. இதெல்லாம் பெருமையா சொல்லிக்கலாம், எல்லாரும் சொல்றாங்க.

சொல்லாதது 1921.

அந்த வருஷம் பெரிய ஸ்டிரைக், அக்டோபர் வரைக்கும் மாசக்கணக்குல இழுத்துச்சு. ஆதிதிராவிட தொழிலாளிங்க நிறைய பேர் வேலைக்கு போனாங்க, சாதி இந்து தொழிலாளிங்க நிறைய பேர் வெளிய நின்னாங்க. கருங்காலின்னு இவங்க, எங்கள எப்ப நீங்க ஆளா மதிச்சீங்கன்னு அவங்க. ரெண்டு பக்கமும் அடிதடி, புளியந்தோப்புல குடிசைங்க எரிஞ்சுது, போலீஸ் துப்பாக்கி சூடு, உயிர் போச்சு. ஸ்டிரைக் தோத்துச்சு. ஆதிதிராவிட தலைவர் எம்.சி. ராஜா அப்ப நீதிக்கட்சில இருந்தார், அந்த கட்சி தலைவர்ங்க பேசுன விதம் பாத்து நொந்து போய் 1923ல வெளிய வந்துட்டார். ஏன் அவங்க வேலைக்கு போனாங்கன்னு யோசிச்சா ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்ல, கைல சேமிப்பு கிடையாது, திரும்பி போனா சாப்பாடு போட ஊர்ல நிலம் கிடையாது, சங்கம் கூட்டம் போட்டா "நாம"ன்னு பேசுற வாய், வெளிய வந்தா தண்ணி பானைய தனியா வைக்கும். எங்க வீட்ல 1918 பத்தி தாத்தா விடிய விடிய பேசுவார், அவங்க அப்பா காலத்து 1921 பத்தி கேட்டா "அத வுடு"ன்னு எழுந்து போயிடுவார். நாங்க எந்த பக்கம் நின்னோம்னு இன்னி வரைக்கும் எனக்கு தெரியாது.

பெரிய புரட்சிலயும் இதே ஓட்டை இருக்கு. "மனிதர் எல்லாரும் சுதந்திரமா பொறக்குறாங்க"ன்னு 1789ல பாரிஸ்ல பிரகடனம் போட்டப்ப, பிரான்ஸோட கரும்பு தீவுல லட்சக்கணக்கான கருப்பின ஜனம் அடிமை. அந்த "எல்லாரும்"ல அவங்க இல்ல. 1791ல அவங்களே எழுந்தாங்க, பிரான்ஸ் 1794ல அடிமை முறைய ஒழிச்சுது, 1802ல நெப்போலியன் திரும்ப கொண்டு வந்தார், சண்டை போட்டு 1804 ஜனவரி 1 ஹைத்தின்னு தனி நாடு ஆனாங்க. 1825ல பிரான்ஸ் போர்க்கப்பல கொண்டாந்து நிறுத்தி, உங்களால எங்க ஆளுங்களுக்கு நஷ்டம், 15 கோடி பிராங்க் குடுன்னு கேட்டுச்சு, அந்த கடன அடைக்கவே பல தலைமுறை போச்சு. அடிமையா இருந்தவன் எஜமானுக்கு நஷ்ட ஈடு கட்டுன கதை. நான் படிச்ச பள்ளிக்கூட புக்ல பிரான்ஸுக்கு ஒரு பாடம், ஹைத்திக்கு ஒரு வரி கூட இல்லாததும் அதே ஓட்டைதான்.

அதனால எந்த போராட்டத்த பாத்தாலும் நான் மொதல்ல கேக்குறது, இந்த "நாம"ல யார் இல்ல?

மறுநாள் காலைல சாவி யார் கைலன்னும் பாக்கணும், இத சீக்கிரம் சொல்லிட்டு போறேன். ஈரான்ல இடதுசாரி, மாணவர், பொம்பளைங்க, மதகுருங்க எல்லாரும் சேந்துதான் மன்னர் ஷாவ வெரட்டுனாங்க, ஆனா ஊர் ஊருக்கு ரெடியா அமைப்பு இருந்தது மசூதிக்குத்தான், 1979 மார்ச் 8 அன்னிக்கே பொம்பளைங்க கட்டாய முக்காட்ட எதுத்து தெருவுல நிக்க வேண்டியதா போச்சு. எகிப்துல 2011 பிப்ரவரி 11 ஜனாதிபதி முபாரக் போனார், 2013ல ராணுவமே வந்து உக்காந்துச்சு. இலங்கைல 2022 ஜூலை 9 ஜனம் ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்துல குதிச்ச வீடியோ எல்லாரும் பாத்தோம், கோத்தபய போனதுக்கு அப்புறம் வந்து உக்காந்தது பழைய ஆளு ரணில், ஓட்டு மூலமா மாத்தம் வர 2024 செப்டம்பர் ஆச்சு. வெரட்டுறதுக்கு கூட்டம் போதும், உக்கார்றதுக்கு அமைப்பு வேணும், ரெண்டும் வேற வேற வேல.

சரி, இப்ப நம்மூருக்கு இந்த கேள்விங்கள வச்சு பாப்போம். 2017 ஜனவரி மெரினா ஜல்லிக்கட்டு போராட்டம், வாட்ஸப்ல எல்லாம் "தை புரட்சி". செல்போன் டார்ச் அடிச்சுட்டு லட்சக்கணக்குல நின்னாங்க, நானும் ரெண்டு ராத்திரி போனேன், பொய் சொல்லல உடம்பெல்லாம் புல்லரிச்சுது. 17ஆம் தேதி ஆரம்பிச்சு 23ஆம் தேதி சட்டசபைல மசோதா நிறைவேறிடுச்சு, ஒரே வாரம். ஏன் அவ்ளோ சீக்கிரம்? கூட்டம் பெருசுங்கிறது பாதி பதில்தான். மேல பாருங்க, சண்டை 2014 சுப்ரீம் கோர்ட் தடையோட, மாநில அரசுக்கும் எதிர்க்கட்சிக்கும் அந்த கோரிக்கைல ஆட்சேபனையே இல்ல, கதவு ஏற்கனவே பாதி தொறந்திருந்துச்சு. அது எந்த அரசாங்கத்தையும் கவுக்கல, எந்த அமைப்பையும் மாத்தல, அதனால அத புரட்சின்னு நான் சொல்ல மாட்டேன், ஜெயிச்ச போராட்டம்னு சொல்வேன். கடைசி நாள் தடியடில அடி வாங்குனதும் மீன் மார்க்கெட் எரிஞ்சதும் யாருக்குன்னா, ஓடி வந்த பசங்கள உள்ள விட்ட நடுக்குப்பம் மீனவ ஜனத்துக்கு. காலேஜ் பசங்க வீட்டுக்கு போயிட்டாங்க, குப்பம் அங்கயேதான இருக்கணும்.

அதுக்கு பக்கத்துல 2025 ஆகஸ்ட வைங்க. மண்டலம் 5, மண்டலம் 6, ரெண்டும் நம்ம வடசென்னை, ராயபுரம், திரு.வி.க. நகர். தூய்மை பணிய தனியார்கிட்ட குடுக்கிறத எதுத்து ரிப்பன் மாளிகை வாசல்ல பிளாட்பாரத்துல உக்காந்தாங்க, பெரும்பாலும் பொம்பளைங்க, பெரும்பாலும் தலித் குடும்பங்க. ஆகஸ்ட் 1ல இருந்து 13 நாள், 13ஆம் தேதி நடுராத்திரி போலீஸ் தூக்கி வண்டில ஏத்திடுச்சு. ஒரே ஊர், கேட்டது வேல பாதுகாப்பு, காளைய விட சின்ன விஷயமா அது? ஆனா மேல யாருக்குள்ளயும் பிளவு இல்ல, "நாம"ல அவங்கள சேக்க மெரினாவுக்கு வந்த கூட்டத்துல பத்துல ஒரு பங்கு கூட வரல. மண்டலத்துக்கு பேரு மட்டும் 1918 சங்கத்துல இருந்த திரு.வி.க. பேரு.

இப்டி ரெண்ட பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் ஏதாவது தெரியும். புதுசா படிக்கிறவங்க பண்ற பெரிய தப்பு, ஜெயிச்சத மட்டும் படிக்கிறது. லாட்டரில ஜெயிச்சவன மட்டும் பேட்டி எடுத்துட்டு "டிக்கெட் வாங்குனா பணக்காரன் ஆயிடலாம்"னு சொல்ற மாதிரி ஆயிடும். 1917 படிச்சா கூடவே 1905 படிங்க, 1918 படிச்சா கூடவே 1921. 1848ல ஐரோப்பா பூரா ஒரே வருஷத்துல பாரிஸ், வியன்னா, பெர்லின்னு எழுந்துச்சு, ரெண்டு வருஷத்துல பெரும்பாலும் அடங்கிடுச்சு, அதுல கத்துக்க வேண்டியது ஜெயிச்சதுல இருக்கிறத விட ஜாஸ்தி. இன்னொரு தப்பு, இது அச்சு அசல் அது மாதிரியேன்னு ஒட்ட வைக்கிறது, விலவாசி ஏறுனா உடனே "பிரான்ஸ் மாதிரி ஆகப்போகுது". ஒத்துமைய விட வித்தியாசம்தான் விஷயத்த சொல்லும்.

ஆரம்பிக்கணும்னா ஒண்ணே ஒண்ணு எடுங்க, பெரிய தேதிக்கு ஆறு மாசம் முன்னாடி ரொட்டி என்ன வில, யாருக்கு யாரோட தகராறுன்னு பாருங்க, அப்புறம் ரெண்டு வருஷம் பின்னாடி யார் நாற்காலில இருக்காங்கன்னு பாருங்க. நடு தேதிய கடைசில படிங்க. நம்மூர் கதைக்கு எழும்பூர்ல கன்னிமாரா நூலகம், ஆவணக் காப்பகம் இருக்கு, தரமணில ரோஜா முத்தையா நூலகம் இருக்கு. அத விட அவசரம் பட்டாளம் ஏரியாலயும் ஓட்டேரிலயும் பின்னி மில்லுல வேல பாத்த பெருசுங்க இன்னும் கொஞ்ச பேர் திண்ணைல உக்காந்துட்டு இருக்காங்க, டீ வாங்கி குடுத்துட்டு போன்ல ரெக்கார்ட் போட்டு கேளுங்க. 1921 பத்தி கேட்டா எழுந்து போயிடுவாங்க, பரவால்ல, எந்த எடத்துல எழுந்து போறாங்கன்னு குறிச்சுக்கோங்க.

எங்க தெருவுல இப்ப ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி வருது. பக்கத்து தெருவுக்கு நிறுத்திட்டாங்க, இன்னியோட 6 நாள். நேத்து ராத்திரி நாங்க புடிச்சிட்டு இருக்கிறப்ப அவங்க மாடில நின்னு பாத்துட்டு இருந்தாங்க.